நெற்றி மேல் ஒரு கோடு... நேராகப் போட்டால் மாட்டிக்கொள்வோம்!

காலை எட்டரை மணிக்கு கிருஷ்ணன்கோவில் பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கலசலிங்கம் பல்கலைக்கழகத்துக்குப் போகிற மாணவிகள், ஸ்ரீவில்லிபுத்தூர் கடைகளுக்கு வேலைக்குப் போகிற அக்காக்கள், ராஜபாளையம் மில்லில் ஷிஃப்ட் பிடிக்க ஓடுகிறவர்கள் என எல்லோரும் இருப்பார்கள். பஸ் வருவதற்குள் ஒரு செல்ஃபி. கேமராவைத் திறந்ததும் பாதிப் பேரின் கை ஒரே இடத்துக்குப் போகும். நெற்றியோரம் இருக்கிற நாலு முடியை இழுத்து முன்னால் விட்டுக்கொண்ட பிறகுதான் சிரிப்பு, கிளிக் எல்லாம்!

'நெற்றி ஏறுகிறது' என்ற கவலை ஆண்களுக்கு மட்டும் உரியது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது போனைத் திறந்தாலே 'பெண்களுக்கான ஹேர்லைன் டிசைன்' என்று ரீல்ஸ் வருகிறது. முதல் ஃபோட்டோவில் அகன்ற நெற்றி, அடுத்த ஃபோட்டோவில் அடர்த்தியான முடி. நடுவில் என்ன நடந்தது என்பது மட்டும் வராது. அந்த நடுவில் இருப்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

எங்கள் பக்கத்து மதினி ஒருவர் போன மாதம் கேட்ட கேள்விதான் இதற்குக் காரணம். "ஏ பாப்பா, நீ பத்திரிகையிலதான வேலை பாக்க? எம் பிள்ளைக்கு நெத்தி ஏறிக்கிட்டே போகுது. மாப்பிள்ள வீட்டுக்குப் போட்டோ குடுக்கணும். மதுரையில முடி நட்டு விடுறாகளாம்ல? சங்கிலிய அடகு வச்சாவது பண்ணிப்புடலாம்னு பாக்கேன். ஆனா, நட்டது வெளிய தெரியாதுல்ல?"

'நட்டது வெளியே தெரியாதுல்ல?' என்பதுதான் இதில் முக்கியமான கேள்வி. ஆனால், அதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு முடி ஏன் போகிறது?

வகிடா, நெற்றியா?

ஆண்களுக்கு முடி கொட்டுவதற்கு ஒரு பழகிய வடிவம் உண்டு. நெற்றியின் இரண்டு ஓரமும் உள்வாங்கும், பிறகு உச்சந்தலை வெளுக்கும். பெண்களில் பெரும்பாலானோருக்கு இப்படி நடப்பதில்லை. முன்நெற்றி ஓரம் அப்படியே இருக்கும், நடுவகிடுதான் மெல்ல மெல்ல அகலமாகும். குங்குமம் வைக்கும்போது 'வகிடு பெருசாயிட்டே போகுதே' என்று அம்மாக்கள் சொல்வார்களே, அதேதான். லுட்விக் என்ற மருத்துவர் 1977-ல் இதை மூன்று நிலைகளாகப் பிரித்து எழுதினார். இன்றும் மருத்துவர்கள் அந்தப் பிரிவைப் பயன்படுத்துகிறார்கள்.

இதனால் நமக்கு என்ன தெரிகிறது? முடி கொட்டுகிறது என்று போகிற எல்லாப் பெண்ணுக்கும் நெற்றியில் முடி நடுவது தீர்வு கிடையாது. வகிடு அகலமாகிறவருக்கு நெற்றியில் நட்டால், பிரச்னை இருக்கிற இடம் அப்படியே இருக்கும். பணம் மட்டும் போயிருக்கும்.

இன்னொரு வகை, திடீரென்று கொத்துக் கொத்தாகக் கொட்டுவது. குழந்தை பிறந்து இரண்டு மூன்று மாதத்தில் தலையணை முழுக்க முடியாக இருக்கும். டெங்கு, டைஃபாய்டு, கொரோனா மாதிரி கடுமையான காய்ச்சலுக்குப் பிறகும் வரும். சாப்பாட்டை ஒரேயடியாகக் குறைத்து டயட் இருந்தாலும் வரும். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் சேர்ந்துகொள்வது உண்டு. இந்த வகையில் வேர்க்கால் செத்துப்போவதில்லை, ஓய்வுக்குப் போகிறது. காரணம் சரியானால் சில மாதங்களில் பெரும்பாலும் தானாகவே திரும்பி வரும். இந்த நேரத்தில் போய் முடி நடுவது, இலையுதிர் காலத்தில் மரம் பட்டுவிட்டது என்று நினைத்துப் புது மரம் வாங்கி வருகிற கதைதான்.

நெற்றியோரம் போவது யாருக்கு?

பெண்களில் நெற்றியோரத்தையே சீரமைக்க வேண்டிய தேவை வருகிறவர்கள் குறிப்பிட்ட சில வகையினர்தான்.

முதல் வகை, பிறவியிலேயே ஏறுநெற்றி உள்ளவர்கள். அம்மாவுக்கோ அத்தைக்கோ இருக்கும், இவர்களுக்கும் இருக்கும். இது நோயே இல்லை. நம் ஊரில் 'ஏறுநெத்தி அதிர்ஷ்டம்' என்று சொல்கிற பாட்டிகளும் உண்டு. மாற்றிக்கொள்ள விரும்புவது அவரவர் உரிமை.

இரண்டாவது வகை, இழுத்துக் கட்டியே முடியை இழந்தவர்கள். நம் ஊர்ப் பெண்கள் கவனிக்க வேண்டிய வகை இது. பள்ளியில் படிக்கும்போது இரட்டைச் சடை போட்டு, மடித்து, ரிப்பன் கட்டி, ஒரு முடி வெளியே நிற்காமல் எண்ணெய் வைத்து இழுத்து வாரிய நாள்கள் நினைவிருக்கிறதா? அது முடிந்ததும் உச்சியில் இறுக்கிய போனி டெயில். வேலைக்குப் போனால் இறுக்கமான கொண்டை. விசேஷம் என்றால் நாலு முழம் மல்லிகையும் ஹேர்பின்னும். அத்தனை இழுவையும் நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னாலும் இருக்கிற மெல்லிய முடி மேல்தான் விழுகிறது. மருத்துவத்தில் இதை டிராக்‌ஷன் அலோபீஷியா என்கிறார்கள். 1907-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். முடியை உச்சியில் இறுக்கிக் கட்டும் கிரீன்லாந்துப் பெண்களிடம்தான் முதலில் கவனித்தார்களாம். பனி கொட்டும் ஊரானாலும் வெயில் கொளுத்தும் ஊரானாலும் இழுத்தால் விளைவு ஒன்றுதான்.

ஆரம்பத்தில் கண்டுபிடித்து, கட்டுவதைத் தளர்த்திவிட்டால் இந்த முடி திரும்பி வர வாய்ப்பு அதிகம். பல ஆண்டுகள் இழுத்து, வேர்க்கால் தழும்பாக மாறிவிட்டால் திரும்பாது. அந்த நிலையில்தான் நடவைப் பற்றி யோசிக்கலாம். அதுவும் இழுத்துக் கட்டும் பழக்கத்தை விட்ட பிறகு. இல்லையென்றால் நட்ட முடியும் அதே வழியில் போகும்.

மூன்றாவது, தீக்காயம், விபத்து, பழைய ஆபரேஷன் தழும்பு உள்ளவர்கள். இவர்களுக்கு இந்தச் சிகிச்சை பெரிய ஆறுதல்.

நான்காவது வகை, தெரியாமல் நட்டால் ஏமாற்றம் தருகிற வகை. பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகு வரும் ஒரு நோய். ஃப்ரான்டல் ஃபைப்ரோசிங் அலோபீஷியா என்று பெயர். ஆஸ்திரேலிய மருத்துவர் கோசார்ட் 1994-ல் இதை விவரித்தார். நெற்றியோரம் ஒரு பட்டை மாதிரி பின்னால் போய்க்கொண்டே இருக்கும். கூடவே புருவ முடியும் குறையும். முடியைச் சுற்றித் தோல் சிவக்கலாம், அரிக்கலாம். வெறும் நெற்றியில் அங்கொன்று இங்கொன்றாகத் தனி முடி நிற்கும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே வேர்க்காலைத் தாக்கும் நோய் இது. தீவிரமாக இருக்கும்போது முடி நட்டால் நட்ட முடியையும் அது விடாது. எனவே புருவமும் சேர்ந்து குறைந்தால், போக வேண்டிய இடம் தோல் மருத்துவரிடம்.

மதினியிடம் இதையெல்லாம் சொன்னதும் முதலில் நம்பவில்லை. "முடிக்குப் போயி டாக்டரா?" என்றார். "மதினி, அடகுக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட ஒரு தடவை போயிட்டு வந்துருங்க" என்றேன். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே 2022-ல் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஒரு நாள் லீவு போட்டுப் போய்வரலாம்.

பொம்மைத் தலை காலம்

சரி, காரணம் தெரிந்துவிட்டது, நோய் எதுவும் இல்லை, நடலாம் என்று மருத்துவரே சொல்கிறார். இப்போது மதினியின் கேள்விக்கு வரலாம். நட்டது வெளியே தெரியுமா?

ஒரு காலத்தில் நன்றாகவே தெரிந்தது. ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர் 1939-லேயே தீக்காயம் பட்டவர்களுக்கு முடியோடு கூடிய சிறு தோல் வட்டங்களை எடுத்து நட்டிருக்கிறார். 1943-ல் தமுரா என்ற இன்னொரு ஜப்பானியர், பெண்களுக்கு (தலையில் அல்ல, உடலின் வேறு பகுதியில்) ஒற்றை ஒற்றை முடியாக நட்டுப் பார்த்தார். போர்க் காலம். அவர்கள் எழுதியது வெளியுலகத்துக்கு ரொம்ப நாள் போகவில்லை.

1950-களில் நியூயார்க்கில் ஓரன்ட்ரைக் என்ற மருத்துவர் இதைத் தனியாகக் கண்டுபிடித்தார். பின்மண்டையிலிருந்து எடுத்த முடி, எங்கே நட்டாலும் பின்மண்டை முடியின் குணத்தோடுதான் வளரும் என்று 1959-ல் எழுதினார். இன்றைய முடி நடவு முழுக்க இந்த ஒரு உண்மை மேல்தான் நிற்கிறது. ஆனால், அவர் எடுத்தது 4 மில்லிமீட்டர் அகலத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து முடி. நெற்றியில் அவற்றை வரிசையாக வைத்தால், பொம்மைத் தலையில் ஓட்டை போட்டு முடி செருகியது மாதிரியே இருந்தது. உலகம் முழுக்க பல பேர் அந்தத் தலையோடு பல ஆண்டுகள் தொப்பி போட்டு நடந்தார்கள்.

1984-ல் ஹெடிங்டன் என்பவர், முடி நம் தலையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எனச் சிறு குடும்பங்களாக முளைக்கிறது என்று விளக்கினார். அந்தக் குடும்பத்தைக் கலைக்காமல் மைக்ராஸ்கோப் வைத்துப் பிரித்து நடும் முறை 1988-லிருந்து வளர்ந்தது. நாம் இன்று 'கிராஃப்ட்' என்று கேள்விப்படுவது இதைத்தான். ஒரு கிராஃப்ட் என்றால் ஒரு முடி அல்ல, ஒன்று முதல் நான்கு முடி வரை உள்ள ஒரு வேர்க்கால் குடும்பம்.

இயற்கையான நெற்றியோரம் எப்படி இருக்கும்?

உங்கள் வீட்டில் ஒரு பத்து வயதுப் பெண் குழந்தையின் தலையை வாரும்போது கவனித்துப் பாருங்கள். முடி எங்கே தொடங்குகிறது என்று விரலால் ஒரு கோடு இழுக்க முடியாது. முதலில் பூனை முடி. அதற்குப் பின்னால் கொஞ்சம் தடித்த ஒற்றை முடி. அதற்கும் பின்னால்தான் அடர்த்தி. பக்கத்து வீட்டுச் சுவர் மாதிரி இல்லை. கண்மாய்க் கரை மாதிரி இருக்கும். தண்ணீர் எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

நல்ல மருத்துவர் வரைவதும் அப்படித்தான். பெண்களுக்கு வரையும்போது அவர்கள் பார்ப்பது இவை:

1. வடிவம். ஆண்களின் நெற்றியில் இரு ஓரமும் உள்ளே போய் 'எம்' எழுத்து மாதிரி இருக்கும். பெண்களுக்கு அந்தப் பள்ளம் இல்லாமல், நெற்றியைச் சுற்றி வளைந்து இறங்கி, நெற்றிப்பொட்டு வழியாகக் காதுப் பக்கம் சேரும். ஆண்களுக்கே நட்டுப் பழகிய கை, பெண்ணுக்கும் அதே பள்ளத்தை விட்டுவிட்டால் முகம் கடுமையாகத் தெரியும்.

2. மேடு பள்ளம். பெரும்பாலான பெண்களுக்கு நெற்றி நடுவில் கீழ்நோக்கி ஒரு சிறு முனை இருக்கும். அதன் இரண்டு பக்கமும் லேசான இரண்டு மேடு இருக்கும். நஸ்பாம், ஃபுயென்டஃப்ரியா என்ற இரு மருத்துவர்கள் பெண்களின் நெற்றியோரத்தை அளந்து 2009-ல் ஓர் ஆய்வே வெளியிட்டிருக்கிறார்கள். நேர்கோடாக நெற்றி உள்ளவர் அபூர்வம்.

3. உயரம். புருவ மத்தியிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை பெண்களுக்கு ஏறக்குறைய 5.5 முதல் 6.5 செ.மீ. வைப்பது வழக்கம். இது சட்டம் இல்லை. முகத்தை மூன்றாகப் பிரித்து (நெற்றி, புருவம் முதல் மூக்கின் அடி வரை, மூக்கின் அடி முதல் தாடை வரை) மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து முடிவு செய்வார்கள். 'இன்னும் கொஞ்சம் கீழே இறக்குங்க டாக்டர்' என்று கேட்டு வாங்கினால், நாற்பது வயதில் அந்த நெற்றியே பொருந்தாமல் போகலாம்.

4. சுழி. நெற்றியோரத்தில் முடி ஒரு பக்கமாகச் சுழன்று நிற்கும் சுழி நிறைய பேருக்கு உண்டு. ஏற்கெனவே இருக்கும் சுழியின் போக்கிலேயே புது முடியையும் நட வேண்டும். எதிர்த் திசையில் நட்டால் ஆயுள் முழுக்க சீப்போடு சண்டைதான்.

5. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. யார் முகமும் இரு பக்கமும் அச்சாக ஒன்று போல இருப்பதில்லை. ஸ்டென்சில் வைத்து வரைந்த மாதிரி இருந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

வயலில் நாற்றை வரிசையாக நட்டால் களை எடுக்க வசதி. தலையில் வரிசையாக நட்டால் பார்க்கிறவர்களுக்குக் கண்டுபிடிக்க வசதி. அதனால் வேண்டுமென்றே கோணல்மாணலாக, முன்னே பின்னே கலைத்து நடுவார்கள். இந்தக் கோணலுக்குத்தான் அனுபவம் வேண்டும்.

ஒற்றை முடியின் வேலை

ஆண்டாள் சூடிக் களைந்த மாலையில் ஒற்றை முடியைப் பார்த்துத்தான் பெரியாழ்வாருக்கு விஷயம் தெரிந்தது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியவர்கள் கதை சொல்வார்கள். ஒரே ஒரு முடிக்கு அவ்வளவு சாட்சி சொல்லும் சக்தி உண்டு. நெற்றியோர நடவிலும் அப்படித்தான்.

முன்வரிசைகளில் ஒற்றை முடி கிராஃப்ட் மட்டுமே நட வேண்டும். இரண்டு முடிக் குடும்பங்கள் அதற்குப் பின்னால். மூன்று, நான்கு முடி உள்ளவை இன்னும் பின்னால். அவசரத்தில் முன்னால் ஒரு மூன்று முடிக் கொத்து வந்துவிட்டால், அந்த ஒன்றே போதும், காட்டிக்கொடுத்துவிடும்.

முடியின் தடிமனும் முக்கியம். பின்மண்டை நடுவில் இருக்கும் முடி தடியாக இருக்கும். பெண்களின் நெற்றியோரம் மென்மையானது. அதனால் பிடரி ஓரத்திலும் காதுக்குப் பின்னாலும் இருக்கும் மெல்லிய முடியை எடுத்து முன்வரிசைக்கு வைப்பவர்கள் உண்டு.

அடுத்து கோணம். உங்கள் நெற்றியோர முடியை விரலால் தடவிப் பாருங்கள். செங்குத்தாக நிற்காது. தோலோடு படுத்து, முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். நெற்றிப்பொட்டுப் பக்கம் போகப் போக ஏறக்குறைய ஒட்டியே இருக்கும், திசையும் கீழ்நோக்கித் திரும்பும். நடுவதற்கான சிறு கீறலை இந்தச் சாய்விலேயே போட வேண்டும். செங்குத்தாகப் போட்டால் முடி பிரஷ் மாதிரி எழுந்து நிற்கும். நட்ட பிறகு கோணத்தை மாற்ற முடியாது. அதனால் கீறல் போடுவது யார் என்பது, முடியைச் செருகுவது யார் என்பதைவிட முக்கியமான கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

நெற்றியில் 14 செ.மீ. நீளத்துக்கு 2 செ.மீ. இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 28 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீட்டருக்கு 40 கிராஃப்ட் என்றால் 1,120 கிராஃப்ட் வேண்டும். இது ஓர் உதாரணம்தான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால், 'வெறும் 300 கிராஃப்டில் நெற்றியையே மாற்றித் தருகிறோம்' என்றோ, சின்ன இடத்துக்கு '4,000 கிராஃப்ட் தேவை' என்றோ யாராவது சொன்னால், பேப்பரும் பேனாவும் எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எடுக்கிற முடி எங்கிருந்து வருகிறது? உங்கள் பின்மண்டையிலிருந்துதான். அங்கே எடுத்த வேர்க்கால் அங்கே திரும்ப முளைக்காது. அது ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி. எடுத்தால் குறையும், யாரும் திரும்பப் போட மாட்டார்கள். பெண்களில் சிலருக்குத் தலை முழுக்கவே முடி மெலிந்திருக்கும், பின்மண்டையும் சேர்த்து. அவர்களிடம் எடுத்து நடுவதற்கு நல்ல முடியே இருக்காது. அவர்களிடம் 'வேண்டாம்' என்று சொல்கிற மருத்துவர்தான் நல்ல மருத்துவர்.

எடுக்கும் முறையிலும் பெண்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு வேர்க்காலாகத் துளையிட்டு எடுக்கும் எஃப்.யூ.இ. முறைக்குப் பின்மண்டையில் முடியை மழிக்க வேண்டியிருக்கும். நீள முடி உள்ள பெண்களுக்கு, மேல்முடி மறைக்கிற மாதிரி ஒரு பகுதியை மட்டும் மழித்து எடுப்பதும் உண்டு. தோலில் மெல்லிய பட்டையாக வெட்டி எடுக்கும் எஃப்.யூ.டி. முறையில் பெரிதாக மழிக்க வேண்டியதில்லை, ஆனால் கோடாக ஒரு தழும்பு நிற்கும். சடைக்குள் அது மறைந்துவிடும். எது வேண்டும் என்பதை அங்கே போய்ப் படுத்த பிறகு முடிவு செய்யக் கூடாது.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறதா? வேண்டாம்!

நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் அந்த முடி உதிர்ந்துவிடும். பயப்படத் தேவையில்லை, வேர்க்கால் உள்ளே இருக்கும். மூன்று, நான்கு மாதம் கழித்துத்தான் புது முடி எட்டிப் பார்க்கும். முழுப் பலன் தெரிய ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். சுற்றி இருக்கும் பழைய முடியும் அதிர்ச்சியில் கொஞ்ச நாள் கொட்டலாம்.

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். நட்ட முடி தோள் வரை வந்து சடையில் சேர, 30 செ.மீ. என்று வைத்தாலும் இரண்டரை வருடம். அதுவரை நெற்றியில் குட்டை முடி தனியாக நிற்கத்தான் செய்யும். எனவே 'தை மாதம் கல்யாணம், ஐப்பசியில் நட்டுக்கலாம்' என்பது வேலைக்கு ஆகாத திட்டம். அதைவிட அழகான நெற்றிச்சுட்டி ஒன்று போதும்.

யார் கையில் தலையைக் கொடுக்கிறோம்?

2016-ல் சென்னையில் ஓர் அழகு நிலையத்தில் முடி நடவு செய்துகொண்ட இளைஞர் ஒருவர், அதன் பின் ஏற்பட்ட பாதிப்பில் இறந்துபோனார். அவர் படித்துக்கொண்டிருந்தது மருத்துவம். அவருக்கே அப்படி என்றால் நமக்கு?

இது அழகு நிலைய வேலை அல்ல, அறுவை சிகிச்சை. மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள். ரத்தம் வரும். ஒவ்வாமை வந்தால் உடனே கவனிக்க ஆள் வேண்டும், கருவி வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முறையான அறுவைப் பயிற்சி பெற்ற, பதிவுபெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும். தோல் மருத்துவமோ பிளாஸ்டிக் சர்ஜரியோ படித்தவர்களின் பாடத்திட்டத்திலேயே இது இருக்கிறது. பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றுக்கொள்வது போதாது.

நடாமலும் வழி உண்டு

வகிடு அகலமாகிறவர்களுக்கு மினாக்சிடில் போன்ற மருந்துகளை மருத்துவர் பரிந்துரைப்பார். கர்ப்பமாக இருப்பவர்கள், திட்டமிடுபவர்கள், பால் கொடுப்பவர்கள் அதைச் சொல்லிவிட்டுத்தான் மருந்து வாங்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நாமாகக் கேட்டு வாங்கித் தடவுவது வேண்டாம்.

இழுத்துக் கட்டுவதைக் குறைப்பதற்குக் காசு செலவில்லை. ஒருநாள் கொண்டை போட்டால் மறுநாள் தளர்ந்த சடை. ஈரத்தலையை இறுக்கி முடியாதீர்கள். வாரியதும் நெற்றியோரம் வலித்தாலோ, சிறு கொப்புளம் வந்தாலோ அது எச்சரிக்கை மணி. பூ எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள், எடையை ஒரே இடத்தில் தொங்கவிடாதீர்கள். குட்டிப் பெண்களுக்கு வாரிவிடும் அம்மாக்கள், இதைத் தயவுசெய்து இன்றிலிருந்தே தொடங்கலாம்.

'இருக்கன்குடியில் மொட்டை போட்டா அடர்த்தியா வளரும்' என்று சிலர் சொல்வார்கள். அம்மனுக்கு நேர்ந்தால் தாராளமாகப் போடுங்கள். அது பக்தி. ஆனால், மழிப்பது தோலுக்கு மேலே இருக்கும் முடியை மட்டும்தான் தொடுகிறது. உள்ளே இருக்கும் வேர்க்கால்களின் எண்ணிக்கை அதனால் கூடாது.

போவதற்கு முன் கேட்க ஏழு கேள்விகள்

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. எனக்கு முடி போவதற்குக் காரணம் என்ன? ரத்தப் பரிசோதனை, தலைத்தோல் பரிசோதனை செய்தீர்களா?

2. மருந்தாலோ பழக்கத்தை மாற்றுவதாலோ சரியாக வாய்ப்பு உண்டா? எத்தனை மாதம் பார்க்கலாம்?

3. என் பின்மண்டை முடி எடுப்பதற்குத் தகுதியாக இருக்கிறதா? எடுத்த பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கும்?

4. கோடு வரைவது யார், கீறல் போடுவது யார்? அவர் பெண்களுக்குச் செய்த நெற்றியோரத்தை, முடியைப் பின்னால் வாரிய நிலையில், ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தில் பார்க்கலாமா?

5. முன்வரிசையில் ஒற்றை முடி கிராஃப்ட் மட்டும்தானா? எத்தனை வைப்பீர்கள்?

6. வரைந்ததை நான் உட்கார்ந்த நிலையில், வழக்கமாக வாருகிற மாதிரி வாரி, கண்ணாடியில் பார்த்து ஒப்புக்கொள்ள நேரம் தருவீர்களா? (உங்கள் பழைய ஃபோட்டோ ஒன்றை, அம்மாவோடு இருப்பதாக இருந்தால் இன்னும் நல்லது, எடுத்துப் போங்கள்.)

7. அவசரம் என்றால் என்ன ஏற்பாடு? மொத்தச் செலவு எழுத்தில் கிடைக்குமா?

இந்த ஏழுக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேசலாம். 'இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா ஆஃபர்' என்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள் என்பதற்காக ஒரு பெண்ணின் பின்மண்டையிலிருந்து ஆயிரம் வேர்க்கால்களைப் பிடுங்க வேண்டியதில்லை. அவளுக்கே வேண்டும், காரணமும் தெரியும், காத்திருக்கவும் தயார் என்றால், இன்றைய மருத்துவம் அதை அழகாகச் செய்து தரும். கேட்க வேண்டியது மாப்பிள்ளை வீட்டை அல்ல, அவளை. மதினியிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். சங்கிலி இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது!